கேரரைக் கிச்சனுக்கு அனுப்பினால்: இங்கிலாந்து கேர் ஹோம்களில் வேலை செய்யும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

2022 பிப்ரவரியிலிருந்து கேர் வொர்க்கர் வேலைக்கும் ஹெல்த் அண்ட் கேர் விசா கிடைக்கும் என்று பிரிட்டன் அறிவித்த பிறகு, நம்மவர்கள் நிறையப் பேர் இங்கே முதியோர் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரில் நர்சிங் படித்தவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள், பி.காம். முடித்துவிட்டு முதல்முறையாக இந்த வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் இதில் உண்டு. கேரர், ஹெல்த்கேர் அசிஸ்டென்ட், நர்சிங் அசிஸ்டென்ட் என்று பதவிக்கு என்ன பெயர் வைத்தாலும், வந்து சில வாரங்களில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, என்னைக் கிச்சனில் போய் நிற்கச் சொல்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்லலாமா?" நான் சீனியர் கேரராக வேலை செய்கிறேன். என்னிடம் வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில விதிகள் வேறு. இது இங்கிலாந்துக்கு.

ரெசிடென்டுக்கு (இல்லத்தில் வாழும் முதியவருக்கு) டீ போட்டுக் கொடுப்பது, ஊட்டி விடுவதெல்லாம் என் வேலைதானா?

ஆமாம், சந்தேகமே வேண்டாம். சாப்பாடும் தண்ணீரும் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது பராமரிப்பின் நடுநாயகமான வேலை. புதிதாகச் சேருபவர்கள் முடிக்கும் கேர் சர்டிஃபிகேட்டில் ஊட்டச்சத்துக்கும் நீர்ச்சத்துக்கும் தனிப் பாடமே இருக்கிறது. டீ ட்ராலி தள்ளுவது, தட்டை எடுத்துப் போய்க் கொடுப்பது, ஊட்டுவது, எவ்வளவு சாப்பிட்டார் என்று ஃபுட் சார்ட்டில் எழுதுவது, ராத்திரி பசித்து எழுந்தவருக்கு ஒரு பிஸ்கட்டும் சூடான பாலும் கொடுப்பது எல்லாம் நம்முடையவை. இதையே "கிச்சன் வேலை" என்று மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சரியில்லை.

அப்புறம் எதைத்தான் கிச்சன் வேலை என்பது?

எல்லோருக்கும் சேர்த்துச் சமைப்பது, பானை சட்டி கழுவுவது, டெலிவரி வந்த சரக்கை அடுக்குவது, ஃப்ரிட்ஜ் வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதுவது, அடுப்பையும் தரையையும் டீப் கிளீன் பண்ணுவது. இவற்றுக்கு ஷெஃபும் கிச்சன் அசிஸ்டென்டும் இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது சாயங்காலச் சாப்பாடு. பல இடங்களில் ஷெஃப் மதியம் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார். ஐந்து மணிக்குக் கொடுக்க வேண்டிய சூப்பைச் சூடு பண்ணுவதும், சாண்ட்விச் செய்வதும், பிறகு எல்லாப் பாத்திரத்தையும் டிஷ்வாஷரில் போடுவதும் கேரர் தலையில் விழும். சச்சரவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கிளம்புகிறது.

காண்ட்ராக்டில் "மேலாளர் சொல்லும் நியாயமான பிற வேலைகளையும் செய்ய வேண்டும்" என்று இருக்கிறதே?

ஏறக்குறைய எல்லோருடைய காண்ட்ராக்டிலும் அந்த வரி இருக்கும். அதில் "நியாயமான" என்ற சொல்லைக் கவனியுங்கள். கிச்சன் ஆள் திடீரென்று லீவு போட்ட அன்று ஒரு மணி நேரம் கை கொடுப்பது நியாயம். வாரத்தில் நான்கு நாள் ரோட்டாவிலேயே (ஷிஃப்ட் அட்டவணையிலேயே) உங்கள் பெயருக்கு நேரே "கிச்சன்" என்று போட்டிருந்தால், அது வேறொரு வேலை.

2020 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேரும் நாளிலேயே பதவிப் பெயரோ வேலையின் சுருக்கமோ எழுத்தில் தரப்பட வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். ஜாப் டிஸ்க்ரிப்ஷன் தனியாக இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். நிறையப் பேர் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதைத் திரும்பப் பார்ப்பதே இல்லை.

நான் கிச்சனில் இருக்கும்போது ஃப்ளோரில் (ரெசிடென்ட்கள் இருக்கும் பகுதியில்) யார் இருப்பார்கள் என்று கேட்டால் தப்பா?

தப்பே இல்லை. மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதுதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

நான்கு கேரர் இருக்கும் ஷிஃப்டில் ஒருவர் கிச்சனுக்குப் போனால் மூன்று பேர். ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவியில் தூக்க வேண்டிய ஒருவருக்கு பேட் (டயபர்) மாற்றப் போனால் இரண்டு பேர் அறைக்குள் போய்விடுவார்கள். மிச்சம் ஒருவர். அந்த ஒருவர் கால் பெல்லுக்கு ஓடுவாரா, லவுஞ்சில் வாக்கர் இல்லாமல் எழுந்து நிற்கும் தாத்தாவைப் பிடிப்பாரா, டைனிங் ரூமில் ஊட்டுவாரா? சாயங்காலம் நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை மறதி நோய் உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடும் நேரம். "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாள்" என்று கதவைத் தட்டுவார்கள். அதே நேரத்தில்தான் சப்பர் (சாயங்காலச் சாப்பாடு) வேலைக்கு ஆள் இழுக்கப்படுகிறது.

இத்தனை ரெசிடென்டுக்கு இத்தனை கேரர் என்று இங்கிலாந்துச் சட்டம் எண் எதுவும் சொல்வதில்லை. ஆனால் 2014இல் வந்த பராமரிப்பு ஒழுங்குமுறைகளின் 18ஆம் விதி, தேவைக்குப் போதுமான, தகுதியும் திறமையும் உள்ள ஊழியர்கள் இருக்க வேண்டும் என்கிறது. 14ஆம் விதி சாப்பாடும் தண்ணீரும் பற்றியது. அதை மீறியதால் தவிர்த்திருக்கக்கூடிய தீங்கு யாருக்காவது நேர்ந்தால், கண்காணிப்பு அமைப்பான சி.க்யூ.சி. இல்லத்தின் மீது வழக்கே போடலாம். ரோட்டாவில் கேரர் என்று எண்ணிக்கை காட்டிவிட்டு ஆளைக் கிச்சனில் நிறுத்தினால், தாளில் இருக்கும் கேரர் ஃப்ளோரில் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் கேட்கும் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

சாப்பிட வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கவளத்தைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் ஒரு பாட்டிக்கு ஊட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு ஸ்பூன் கொடுத்து, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்து, "இன்னும் ஒரு வாய்" என்று சொல்லி, முடிந்ததும் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எதுவும் மிச்சமில்லை என்று பார்த்து, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வைத்திருக்க வேண்டும். ஆள் குறைந்தால் முதலில் சுருங்குவது இந்த நேரம். தட்டு பாதியோடு திரும்பும், ஃபுட் சார்ட்டில் ஏதோ ஒன்று எழுதப்படும், அடுத்த மாதம் எடை பார்க்கும்போதுதான் தெரியும்.

ஃபுட் ஹைஜீன் சர்டிஃபிகேட் இல்லாமல் சமைக்கலாமா?

சர்டிஃபிகேட் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. உணவைக் கையாளும் எவருக்கும் அவர் செய்யும் வேலைக்கு ஏற்ற மேற்பார்வையும் பயிற்சியும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. நடைமுறையில் லெவல் 2 ஃபுட் ஹைஜீன் பயிற்சியை எல்லா நல்ல இல்லங்களும் கொடுக்கின்றன. ஆன்லைனில் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். இல்லம் கட்டாயமாகச் செய்யச் சொல்லும் பயிற்சி என்றால் அந்த நேரமும் வேலை நேரம்தான், அதற்கும் சம்பளம் உண்டு. "வீட்டில் சமைக்கிறாய்தானே, இதில் என்ன" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் வீட்டில் சாப்பிடுபவர்கள் ஆரோக்கியமானவர்கள். இங்கே எண்பது, தொண்ணூறு வயது. 2019இல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் கொடுத்த சாண்ட்விச் வழியாக லிஸ்டீரியா கிருமி போய் நோயாளிகள் இறந்தார்கள். ஒரு சாதாரண சாண்ட்விச்.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள் சில உண்டு. சூடாக வைக்கும் உணவு 63 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. சமைக்கும்போதும் திரும்பச் சூடு பண்ணும்போதும் நடுப்பகுதி 75 டிகிரி தொட்டு 30 வினாடி நிற்க வேண்டும். ஃப்ரிட்ஜ் சட்டப்படி 8 டிகிரிக்குள், ஆனால் முதியவர்களுக்கு 5 டிகிரிக்குள் வைப்பதுதான் பாதுகாப்பு. ப்ரோப் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்காமல், ஆவி வருகிறதே என்று சூப்பை ஊற்றாதீர்கள். அப்புறம், நீங்கள் பார்க்காத வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவே கூடாது, யார் சொன்னாலும்.

பேட் மாற்றிவிட்டு நேராகக் கிச்சனுக்குப் போகச் சொல்கிறார்கள். கிளவுஸ் போட்டிருந்தால் போதாதா?

போதாது. கிளவுஸைக் கழற்றும்போதே கை அழுக்காகலாம். பேட் மாற்றிய ஏப்ரனையும் கிளவுஸையும் அந்த அறையிலேயே கழற்றிப் போட்டு, சோப்பும் தண்ணீரும் வைத்துக் குறைந்தது 20 வினாடி கழுவ வேண்டும். சானிடைசர் ஜெல்லை நம்பாதீர்கள். வாந்தி பேதி கொடுக்கும் நோரோவைரஸையும், சி டிஃப் என்று சொல்லும் குடல் கிருமியின் வித்துகளையும் ஜெல் சரியாகக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

கிச்சனுக்குள் போகும்போது புது ஏப்ரன். பல இல்லங்களில் உணவுக்கென்று தனி நிற ஏப்ரன் வைத்திருப்பார்கள், அது எந்த நிறம் என்று உங்கள் இல்லத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முடியைக் கட்டி வலைத்தொப்பி போடுங்கள். வளையல், கல் வைத்த மோதிரம் கூடாது. கையில் காயம் இருந்தால் நீல நிற பிளாஸ்டர்.

இத்தனையும் செய்தாலும், யூனிஃபார்ம் அதேதான் இருக்கிறது. காலையிலிருந்து ரெசிடென்ட்களைத் தூக்கி, சாய்த்து, குளிப்பாட்டிய அதே டாப். அதனால் நான் கேட்பது இது: கிச்சனில் ஒருவர் நிற்கத்தான் வேண்டும் என்றால், அன்றைக்கு அவரை ஷிஃப்ட் தொடங்கும்போதே பெர்சனல் கேரிலிருந்து (குளிப்பாட்டுவது, பேட் மாற்றுவது போன்றவற்றிலிருந்து) விலக்கிக் கிச்சனுக்கு மட்டும் ஒதுக்குங்கள். ஒரு பெல் அடித்தால் அறைக்கு, மறுபடி அடுப்புக்கு என்று ஓட விடாதீர்கள். கேட்டால் பல மேலாளர்கள் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் செலவில்லாத மாற்றம்.

எனக்கே வயிற்றுப்போக்கு வந்தால்?

வாந்தியோ பேதியோ நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வேலைக்கே போகக் கூடாது, கிச்சன் மட்டுமல்ல. சம்பளம் போகுமே என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள், கஷ்டம் புரிகிறது. ஆனால் ஒரே ஆளிடமிருந்து ஒரு இல்லம் முழுக்கப் பரவுவதைப் பார்த்தவர்கள் மறைக்க மாட்டார்கள்.

ப்யூரே, மிஞ்ச்டு, சாஃப்ட் என்று ஏதேதோ சொல்கிறார்கள். நானே பார்த்து அரைத்துக் கொடுக்கலாமா?

கேரர் கிச்சனுக்குப் போகும்போது எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதில்தான்.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு உணவும் பானமும் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் முடிவு செய்வார். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோல், 0 முதல் 7 வரை. பிரிட்டனில் 2019 ஏப்ரலிலிருந்து முழுக்க இதுதான். 4 என்றால் மைய அரைத்த ப்யூரே: ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒட்டாமல் மொத்தமாகச் சரிந்து விழ வேண்டும், தனியாக நீர் பிரியக் கூடாது. 5 என்றால் பொடியாக நறுக்கி ஈரமாக இருக்க வேண்டும், பெரியவர்களுக்குத் துண்டின் அகலம் 4 மில்லிமீட்டர், அதாவது முள்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. 6 என்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாத மெத்தென்ற துண்டுகள், முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். பானத்தில் 0 சாதாரணத் தண்ணீர், 4 வரை கெட்டியாகிக்கொண்டே போகும்.

பலர் தவறுவது ரொட்டியில். "சாஃப்ட் டயட்" என்று காதில் விழுந்ததும் வெள்ளை பிரெட் சாண்ட்விச்சை ஓரம் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். பிரெட் கையில் மெத்தென்று இருக்கும், வாய்க்குள் போனால் உருண்டையாகிப் பிசினாக ஒட்டி மூச்சை அடைக்கும். 5, 6இல் இருப்பவருக்குத் தெரபிஸ்ட் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய சாதாரண பிரெட் கொடுக்கக் கூடாது. சப்பருக்கு சாண்ட்விச் போடும் கேரர் இதைத் தெரியாமல் ஒரு தட்டை மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பானத்தைக் கெட்டியாக்கும் திக்கனர் பவுடர் டப்பாவை ட்ராலியிலோ மேசையிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒருவர் அந்தப் பவுடரை அப்படியே வாயில் போட்டு மூச்சடைத்து இறந்ததைத் தொடர்ந்து, என்.எச்.எஸ். 2015 பிப்ரவரியில் எச்சரிக்கை அனுப்பியது. அதைப் பூட்டி வைக்க வேண்டும்.

கிச்சன் சுவரில் ஒட்டியிருக்கும் டயட் பட்டியல் பழையதாக இருக்கலாம். தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு ரெசிடென்டுக்கும் எழுதி வைத்திருக்கும் கேர் ப்ளானோடு ஒத்துப் போகவில்லையென்றால் நர்ஸிடமோ சீனியரிடமோ கேட்காமல் தட்டை வெளியே அனுப்பாதீர்கள்.

அலர்ஜி?

சட்டம் பெயர் சொல்லும் அலர்ஜிப் பொருட்கள் 14. பால், முட்டை, மீன், வேர்க்கடலை, மற்ற கொட்டைகள், எள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் என்று பட்டியல் போகும். கடுகும் அதில் இருக்கிறது. நாம் தாளிக்கும் கைப்பழக்கத்தில் கடுகை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. "ஒரு நாள் நம்ம ஊர்ச் சாப்பாடு செய்து காட்டு" என்று ரெசிடென்ட்கள் ஆசையாகக் கேட்பார்கள். செய்யுங்கள், ஆனால் ஷெஃபோடு உட்கார்ந்து ஒவ்வொரு பொருளையும் எழுதிக் கொடுத்துவிட்டு. பெருங்காயத்தூள் டப்பாவில் கோதுமை மாவு கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் கலந்திருக்கும்.

மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தொட மாட்டேன் என்று சொல்லலாமா?

சொல்லலாம், முன்கூட்டியே சொல்லுங்கள். மத நம்பிக்கைக்கு 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அதற்காக எந்த வேலையையும் மறுக்கும் உரிமை தானாக வந்துவிடாது. மாற்று ஏற்பாடு செய்ய முடியுமா என்று இல்லம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கிச்சனில் பேக்கன் வறுப்பதை இன்னொருவர் செய்யலாம், நீங்கள் டெசர்ட் பார்க்கலாம். ஆனால் ஒரு ரெசிடென்ட் தன் தட்டில் இருக்கும் ரோஸ்ட் பீஃபைச் சாப்பிட உங்கள் உதவியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்போது மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்பூனும் முள்கரண்டியும் இருக்கின்றன. அது அவருடைய சாப்பாடு.

கிச்சனில் நிற்பதால் என் விசாவுக்குப் பிரச்சினை வருமா?

எப்போதாவது கை கொடுப்பதால் வராது. ஆனால் வேலையே மாறிப்போனால் வரும்.

உங்கள் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் ஒரு தொழில் எண் இருக்கும். இப்போது கேர் வொர்க்கர் என்றால் 6135, சீனியர் என்றால் 6136. 2024 ஏப்ரலுக்கு முன் வந்தவர்கள் சான்றிதழில் 6145, 6146 இருக்கலாம், பயப்பட வேண்டாம், எண் முறைதான் மாறியது. கிச்சன் அசிஸ்டென்ட் வேறு எண். அந்த வேலைக்கு ஸ்கில்டு வொர்க்கர் விசாவே கிடையாது (நம் ஹெல்த் அண்ட் கேர் விசா அதன் ஒரு பிரிவுதான்). ஆகவே உங்கள் நேரத்தில் பெரும்பகுதி கிச்சனில் போகிறதென்றால், எந்த வேலைக்காக விசா கிடைத்ததோ அந்த வேலையை நீங்கள் செய்யவில்லை. இது ஸ்பான்சரின் (விசாவுக்காக உங்களை எடுத்த முதலாளியின்) உரிமத்துக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. வேலையில் முக்கிய மாற்றம் இருந்தால் ஸ்பான்சர் 10 வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதே காரணத்தால், வெளியே எங்காவது கிச்சன் அசிஸ்டென்டாக இரண்டாவது வேலை எடுத்துக்கொள்வதும் இந்த விசாவில் முடியாது.

2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து கேரர்களைப் புதிதாக எடுப்பது நின்றுவிட்டது. ஏற்கனவே இங்கே இருப்பவர்கள் ஸ்பான்சர் மாறுவதற்கு வழி இருக்கிறது. "எதிர்த்துப் பேசினால் விசாவை ரத்து பண்ணிவிடுவேன்" என்று மிரட்டுபவர்களிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்கிறேன். ஸ்பான்சர் தானாக விசாவை ரத்து செய்ய முடியாது. வேலையை விட்டு நீக்கியதாகத் தெரிவிப்பார், ரத்து செய்வது உள்துறை. அந்தக் கடிதம் வந்த பிறகும் பொதுவாக 60 நாள் கிடைக்கும். தைரியம் சொல்ல எழுதுகிறேனே தவிர, 60 நாளில் ஸ்பான்சர் தேடுவது சுலபம் என்று சொல்லவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திருங்கள் என்கிறேன்.

பிரேக் நேரத்தில் பாத்திரம் கழுவச் சொன்னால்?

ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஷிஃப்டில், இடையூறு இல்லாத 20 நிமிட ஓய்வு உங்கள் உரிமை. அதில் வேலை வாங்கினால் அது ஓய்வு இல்லை, சம்பளம் தர வேண்டிய நேரம். ஷிஃப்ட் முடிந்து கிச்சன் துடைத்துவிட்டுப் போகச் சொல்லும் அரை மணி நேரமும் அப்படித்தான். இந்தக் கூலியில்லாத நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போய்விடலாம். 2025 ஏப்ரலில் அது, 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, மணிக்கு 12.21 பவுண்டு. ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும், புது எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மேலாளரிடம் எப்படிச் சொல்வது? சண்டையாகிவிடுமோ என்று பயம்.

"செய்ய மாட்டேன்" என்று தொடங்காதீர்கள். ரெசிடென்டிலிருந்து தொடங்குங்கள். நேரில் பேசிவிட்டு அன்றே ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பொருள் இப்படி இருக்கட்டும்:

"செவ்வாயும் வியாழனும் மாலை 4 முதல் 6.30 வரை நான் கிச்சனில் இருந்தேன். அந்த நேரத்தில் ஃப்ளோரில் மூன்று பேர். இரண்டு பேர் சேர்ந்து கவனிக்க வேண்டிய ரெசிடென்ட்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். வியாழன் அன்று ஒரு பெல்லுக்குப் போக 20 நிமிடம் ஆனது. எனக்கு உணவுப் பதம் பற்றிய பயிற்சி இன்னும் கிடைக்கவில்லை. கிச்சனில் இருப்பவருக்குப் பதிலாக ஃப்ளோருக்கு ஆள் போட முடியுமா? எனக்குப் பயிற்சி எப்போது கிடைக்கும்?"

தேதி, நேரம், எண்ணிக்கை மட்டும். ரெசிடென்டின் பெயரை வெளி மின்னஞ்சலில் எழுதாதீர்கள். யார் மேலும் குறை வேண்டாம். இப்படி ஒரு கடிதம் மேலாளருக்கே உதவும். கிச்சனுக்குத் தனி ஆள் வேண்டும் என்று அவர் முதலாளியிடம் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சொல்லியும் ஒன்றும் மாறவில்லையென்றால்?

முதலில் எழுத்துப்பூர்வமான குறைதீர்ப்பு மனு. யூனியனில் இல்லாதவர்கள் சேருங்கள்: யூனிசன், ஜி.எம்.பி. இரண்டிலும் கேரர்கள் நிறைய. ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கும் நர்சிங் சப்போர்ட் ஊழியர்களைச் சேர்த்துக்கொள்கிறது. வேலைச் சட்டம் பற்றி இலவசமாகக் கேட்க ஏகாஸ், 0300 123 1100. ரெசிடென்ட்களின் பாதுகாப்பு பற்றியதென்றால் சி.க்யூ.சி., 03000 616161, பெயர் சொல்லாமலும் பேசலாம். பொதுநலனுக்காகத் தகவல் சொல்லும் ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்று 1998இலேயே சட்டம் வந்துவிட்டது, விசாவில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும்.

நைட் ஷிஃப்டில் உருளைக்கிழங்கு உரிக்கச் சொல்கிறார்கள்.

இரண்டே பேர் இருக்கும் நைட்டில் ஒருவர் கீழே கிச்சனில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், மேலே விழுந்தவரின் சத்தம் கேட்காது. மேசை அடுக்குவது, காலை டீ ட்ராலி தயார் செய்வது போல பெல் காதில் விழும் இடத்தில் செய்யும் வேலை பரவாயில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டியவர்களின் சார்ட்டைக் காட்டி, இதைத் தள்ளிவைத்துவிட்டு எப்படி உரிப்பது என்று கேளுங்கள்.

அப்படியானால் கேரர் கிச்சன் பக்கமே போகக் கூடாதா?

போகலாம், போக வேண்டும். சின்ன இல்லங்களில், ஆறேழு பேர் ஒரு வீடு போல வாழும் இடங்களில், கேரரே சமைப்பதுதான் அமைப்பு. அதற்கென்றே ஆளும் நேரமும் பயிற்சியும் ஒதுக்கியிருப்பார்கள். பெரிய இல்லத்திலும், மறதி நோய் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டாணி உரிப்பது, ஸ்கோனுக்கு மாவு பிசைவது எல்லாம் அருமையான பராமரிப்பு. பேச்சே இல்லாமல் இருந்தவர் மாவில் கை வைத்ததும் தன் அம்மாவின் சமையலறையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். உங்கள் இல்லத்தில் இதற்கு நேரம் வேண்டும் என்று தோன்றினால், ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டரிடம் பேசி ரோட்டாவில் எழுத வையுங்கள். சப்பர் அவசரத்தோடு இதைச் சேர்க்காதீர்கள், மதியம் இரண்டரை மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் ரெசிடென்ட்களும் தெளிவாக இருப்பார்கள், ஷெஃபின் அடுப்பும் காலியாக இருக்கும்.